மேடைப் பேச்சை ஆய்வுக்கு எடுப்போருக்கு: தலைப்பு முதல் வாய்மொழித் தேர்வு வரை

அரசியல் தலைவர்கள் மொழியைக் கொண்டு அதிகாரத்தையும் கொள்கையையும் எவ்வாறு கட்டியெழுப்புகிறார்கள் என்பதைப் பற்றி முதுகலை ஆய்வேடோ முனைவர் பட்ட ஆய்வோ எழுதப் புகும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எடுத்துக்கொண்டது தமிழ்நாட்டு அரசியல் மேடை. 6 மாதங்களில் முடித்திருக்க வேண்டிய ஆய்வேடு எனக்கு 14 மாதங்களை விழுங்கியது. அவற்றில் பாதிக்கு மேல் தவறான பாடங்களை (பேச்சுகளின் எழுத்து வடிவங்களை) நம்பியதாலும், எந்த அலுவலகத்தில் எந்தக் கடிதத்தைக் கொடுக்க வேண்டும் என்று தெரியாமல் அலைந்ததாலும் வீணானவை. அந்த மாதங்கள் உங்களுக்கு மிஞ்ச வேண்டும் என்பதே என் விருப்பம்.

1. தலைப்பை ஒரு சொல்லளவுக்குச் சுருக்குங்கள்

'அண்ணாவின் பேச்சுக்கலை', 'கலைஞரின் மொழிநடை' போன்ற தலைப்புகளோடு நெறியாளரிடம் செல்லாதீர்கள். அவை முடிவில்லாதவை. ஒரு சொல், ஒரு முழக்கம், ஒரு நாள் நடந்த ஒரு விவாதம் ஆகியவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டால், திரட்ட வேண்டிய பாடங்கள் எவை என்பது முதல் வாரத்திலேயே தெளிவாகிவிடும்.

'தமிழ்நாடு' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காகச் சங்கரலிங்கனார் 1956இல் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். பெயர் மாற்றத்துக்காகக் கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா கொண்டுவந்த மசோதா மீது மாநிலங்களவையில் அண்ணா பேசினார். அவர் முதலமைச்சரான பின் 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 1968இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 1969 ஜனவரி 14 அன்று பெயர் நடைமுறைக்கு வந்தது. 2023 ஜனவரியில், 'தமிழகம்' என்பதே பொருத்தமான சொல் என்று அப்போதைய ஆளுநர் ஆர்.என்.ரவி கூறியபோது அதே சொல் மீண்டும் சச்சரவுக்கு உள்ளானது. ஒரே சொல்லைச் சுற்றி, நாளும் இடமும் பேசியவரும் தெளிவாகத் தெரிந்த பாடங்கள் உங்கள் கைக்கு வந்துவிடுகின்றன. ஒரு முதுகலை ஆய்வேட்டுக்கு இதுவே தாராளம்.

2. கடிதங்களையும் சான்றுகளையும் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்

துறைத்தலைவர் அல்லது நெறியாளரிடமிருந்து, கல்லூரியின் பெயர் அச்சிட்ட தாளில், கையொப்பமும் முத்திரையும் இட்ட அறிமுகக் கடிதம் வேண்டும். ஒரே கடிதத்தை எல்லா இடங்களிலும் காட்டலாம் என்று எண்ணியது என் முதல் தவறு. ஒவ்வொரு நூலகமும் தன் பெயருக்கு முகவரியிட்ட மூலக் கடிதத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளக்கூடும் என்பதால் குறைந்தது ஐந்து தனித்தனிக் கடிதங்களை ஒரே நாளில் வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றில் ஆய்வின் தலைப்பும், நீங்கள் பார்க்க விரும்பும் ஆவணங்களின் கால வரம்பும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். 'பழைய நாளிதழ்கள்' என்று பொதுவாக எழுதிய கடிதத்தோடு நான் ஓர் அலுவலகத்திலிருந்து இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டேன். '1962 முதல் 1969 வரை' என்று திருத்தி எடுத்துச் சென்றபோது அதே மேசையில் அனுமதி கிடைத்தது.

இவற்றோடு ஆதார் அட்டை, கல்லூரி அடையாள அட்டை ஆகியவற்றின் ஜெராக்ஸ் படிகளையும் கடவுச்சீட்டு அளவு ஒளிப்படங்களையும் எப்போதும் கைவசம் வைத்திருங்கள். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஆய்வாளராக அனுமதி பெற முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தை எல்லாவற்றுக்கும் முன்பாக அனுப்பிவிட்டு, காத்திருக்கும் நாட்களில் பிற நூலகங்களைப் பாருங்கள்.

3. பாடங்கள் எங்கே இருக்கின்றன

செலவில்லாத இடங்களிலிருந்து தொடங்குங்கள். மாநிலங்களவை, மக்களவை விவாதங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அண்ணாவின் 1962 மே 1 கன்னிப் பேச்சை வீட்டிலிருந்தபடியே எடுத்துக்கொள்ளலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் பழைய இதழ்கள் பலவற்றின் படிமங்களும் உள்ளன. அடுத்து, தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குச் செல்லுங்கள். சிறு வெளியீடுகள், துண்டறிக்கைகள், கட்சி இதழ்கள் என மற்ற நூலகங்கள் பொருட்படுத்தாதவை அங்கே காக்கப்படுகின்றன. எழும்பூர் கன்னிமாரா நூலகம் நாட்டின் வைப்பக நூலகங்களுள் (வெளியாகும் நூல்களின் படி சட்டப்படி வந்து சேரும் நூலகங்களுள்) ஒன்று என்பதால் 1950களின் நடுவிலிருந்து வெளியான நூல்களை அங்கே தேடலாம். பெரியார் தொடர்பானவற்றுக்கு வேப்பேரி பெரியார் திடல் நூலகமும், சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளுக்குப் புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள சட்டமன்ற நூலகமும் உண்டு.

அரசின் சொல்லாட்சி பற்றிய ஆணைகள் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 உங்களுக்குக் கைகொடுக்கும். தமிழ்நாட்டில் விண்ணப்பத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உரிய துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவஞ்சலில் அனுப்புங்கள். படிகளுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். விடை தர 30 நாட்கள் கெடு. வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். 'ஏன் இந்தச் சொல்லை மாற்றினீர்கள்?' என்று கேட்டால் விளக்கம் தர இயலாது என்று பதில் வரும். 'இன்ன பொருள் பற்றிய அரசாணையின் படி, அதற்கு முந்தைய கோப்புக் குறிப்புகளின் படி' என்று ஆவணத்தைச் சுட்டிக் கேளுங்கள்.

4. பேசியது வேறு, அச்சானது வேறு

இந்தப் படியில்தான் நான் நான்கு மாதங்களை இழந்தேன். ஒரு தலைவரின் சொற்பொழிவுத் தொகுப்பின் மறுபதிப்பை வைத்துக்கொண்டு, அதில் 'நாம்' என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் எண்ணி ஓர் இயலே எழுதி முடித்திருந்தேன். பின்னர் அந்தப் பேச்சு முதலில் வெளியான இதழைப் பார்த்தபோது, நான் பெரிதாக விளக்கியிருந்த இரண்டு இடங்களில் 'நாங்கள்' என்றிருந்தது. மறுபதிப்பைச் செம்மை செய்தவருக்கு அது ஒரு சிறு நடைத்திருத்தம். எனக்கு அந்த இயலின் அடித்தளமே போயிற்று.

ஆகவே ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு தாள் ஒதுக்கி, அது எந்தெந்த வடிவங்களில் கிடைக்கிறது என்று எழுதுங்கள்: ஒலிப்பதிவு, மறுநாள் நாளிதழ்ச் செய்தி, கட்சி இதழில் வந்த முழுப் பேச்சு, சிறுநூல், மறுபதிப்புத் தொகுப்பு. காலத்தால் முந்திய வடிவத்தையே மேற்கோளுக்குக் கொள்ளுங்கள்; மற்றவை வேறுபடும் இடங்களை அடிக்குறிப்பில் காட்டுங்கள்.

சட்டமன்றக் குறிப்புகளை முழுமையான பதிவு என்று நம்புவதும் ஆபத்தானது. பேரவைத் தலைவர் அவைக்குறிப்பிலிருந்து நீக்கச் சொன்ன சொற்கள் அங்கே இரா. 2023 ஜனவரி 9 அன்று, அரசு தயாரித்த உரையில் 'திராவிட மாடல்' என்பதையும், பெரியார், அம்பேத்கர், காமராசர், அண்ணா, கலைஞர் ஆகியோரின் பெயர்கள் வந்த பகுதியையும் ஆளுநர் வாசிக்காமல் விட்டார். அச்சிட்டு வழங்கப்பட்ட உரையே அவைக்குறிப்பில் இடம்பெற வேண்டும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் உடனே தீர்மானம் கொண்டுவர, ஆளுநர் அவையை விட்டு வெளியேறினார். எந்தச் சொல் பதிவாக வேண்டும் என்பதற்காகவே இரு அதிகார மையங்கள் அவையில் மோதிக்கொண்ட நாள் அது. குறிப்பேட்டை மட்டும் படிப்பவருக்கு வாசிக்காமல் விட்ட அந்த மௌனம் தெரியாது. காணொளியை மட்டும் பார்ப்பவருக்கு விடுபட்ட வரிகள் தெரியா. இரண்டும் வேண்டும்.

விடுதலைக்கு முந்தைய கூட்டங்களுக்குக் காவல் துறையின் குறிப்புகள் காப்பகத்தில் கிடைக்கும். அவற்றுள் பல ஆங்கில மொழிபெயர்ப்பாகவே எஞ்சியுள்ளன. அந்த ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழாக்கி, அதைத் தலைவரின் சொல்லாகக் கொண்டு ஆராயாதீர்கள். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். அது 'நாமா', 'நாங்களா' என்பதை முடிவு செய்வது மொழிபெயர்க்கும் உங்கள் கை. அண்ணாவின் மாநிலங்களவைப் பேச்சுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், ஏனெனில் அவர் அங்கே ஆங்கிலத்தில் பேசினார்.

5. எழுத்துப்படி எடுத்தல்

ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத எனக்கு ஏழு மணி நேரம் ஆயிற்று. பழகிய பின்னும் ஐந்துக்குக் குறையவில்லை. தானாக எழுதித் தரும் செயலிகள் முதல் வரைவுக்கு உதவும். ஆனால் பேச்சுவழக்கை அவை எழுத்து வழக்காக மாற்றிவிடுவதைக் கண்டேன். மேடையில் ஒருவர் செந்தமிழிலிருந்து பேச்சுத்தமிழுக்கு இறங்கும் இடம் உங்கள் ஆய்வுக்கு மிக முக்கியமானது. அதைச் செயலி அழித்துவிடும். கைதட்டல், சிரிப்பு, இடைநிறுத்தம் ஆகியவற்றுக்குக் குறியீடுகள் வகுத்துக்கொண்டு எழுத்துப்படியிலேயே இடுங்கள்.

பழைய இதழ்களின் படிமங்களில் சொல் தேடும்போது இன்னொரு பொறி உள்ளது. பெரியார் 1935 முதல் 'குடிஅரசு' இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு 1978இல்தான் ஏற்றது. அதற்கு முந்தைய அச்சில் ணை, லை, றா, னா போன்றவை வேறு வடிவில் இருப்பதால் கணினித் தேடல் அவற்றைத் தவறவிடும். முக்கியமான பக்கங்களைக் கண்ணால் படித்தே தீர வேண்டும்.

6. வாசிக்கும் வரிசை

புதியவர்கள் எல்லோரும் எதுகை மோனையில் தொடங்குகிறார்கள். நானும் 'கடமை, கண்ணியம், கட்டுப்பாடு' என்பதன் ககர மோனையைப் பற்றி ஆறு பக்கங்கள் எழுதினேன். ஒலிநயம் ஒரு முழக்கம் ஏன் நினைவில் நிற்கிறது என்பதை விளக்கும். அந்த முழக்கம் கேட்பவரை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்பதை அறிய வேறு நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். அணியழகைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விளியைப் பாருங்கள். சுயமரியாதை இயக்கத்தின் 'தோழர்' என்ற விளி, வயதையும் சாதியையும் ஒருசேரத் தள்ளி வைக்கிறது. 'திராவிட நாடு', 'காஞ்சி' இதழ்களில் அண்ணா எழுதிய மடல்கள் 'தம்பி' என்று அழைக்கின்றன. அவருடைய பெயரின் சுருக்கமே அண்ணன் என்ற உறவுச்சொல்லாக அமைந்துவிட்டதால் அந்த இணை இயல்பாகப் பொருந்துகிறது. அதில் பாசம் உண்டு. மூத்தவர் சொல்ல இளையவர் கேட்கும் முறையும் உண்டு. இயக்கத்திலிருந்த பெண்கள் அந்த விளிக்கு வெளியே நின்றார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கலைஞரின் 'உடன்பிறப்பே' ஆண், பெண், மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடுகளை மறைத்து ஒரே வயிற்றில் பிறந்தவர்களாக்குகிறது. எம்.ஜி.ஆரின் 'என் ரத்தத்தின் ரத்தமான உடன்பிறப்புகளே' அதே சொல்லை எடுத்து, 'என்' என்பதை முன்னால் வைக்கிறது. உறவின் ஊற்றுக்கண் இப்போது தலைவரின் உடல். ஜெயலலிதாவிடம் வரும்போது உறவுச்சொல் தலைவரின் பெயராகவே மாறி, 'அம்மா உணவகம்' என்று அரசுத் திட்டத்தின் பலகையில் ஏறுகிறது. மேடையில் சொன்ன விளி, சோறு போடும் இடத்தின் பெயராகும்போது அதிகாரம் எவ்வளவு தூரம் பயணித்திருக்கிறது என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவதாக, 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாட்டைப் பாருங்கள். ஆங்கில வழி ஆய்வு முறைகளைக் கற்றுக்கொண்டு வருபவர்கள் தவறவிடும் கருவி இது. 'நாம்' கேட்பவரைச் சேர்த்துக்கொள்கிறது, 'நாங்கள்' விலக்குகிறது. ஆனால் வினைமுற்றின் 'ஓம்' விகுதி இரண்டுக்கும் பொது. எழுவாயை விட்டுவிட்டு 'செய்தோம்' என்று ஒரு தலைவர் சொன்னால், செய்தது கட்சியா மக்களுமா என்பதைக் கேட்பவரே நிரப்பிக்கொள்கிறார். தி.மு.க.வின் ஐம்பெரும் முழக்கங்களை எடுத்து இந்தப் பயிற்சியைச் செய்யுங்கள். 'அண்ணா வழியில் அயராது உழைப்போம்', 'ஆதிக்கமற்ற சமுதாயம் அமைத்தே தீருவோம்', 'இந்தித் திணிப்பை என்றும் எதிர்ப்போம்', 'வன்முறை தவிர்த்து வறுமையை வெல்வோம்' என்ற நான்கும் எழுவாய் இல்லாமல் 'ஓம்' என்று முடிகின்றன. மேடையிலிருப்பவரும் திடலிலிருப்பவரும் ஒரே வினைக்குள் வந்துவிடுகிறார்கள். ஐந்தாவதான 'மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி' என்பதில் வினையே இல்லை. தொண்டரின் உழைப்பால் மட்டும் ஈடேறாமல் அரசமைப்பே மாற வேண்டிய கோரிக்கை அது ஒன்றே என்பதை இதனோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, வினை. 'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' என்பதில் எல்லோரும் எதிர்நிலையையும் மோனையையும் காண்பார்கள். 'தேய்கிறது' தன்வினை என்பதைக் கவனியுங்கள். தேய்ப்பவர் யார் என்று வாக்கியம் சொல்வதில்லை. நிலவு தேய்வது போலத் தெற்கு தேய்கிறது. ஆனால் பக்கத்திலேயே 'வடக்கு வாழ்கிறது' நிற்பதால் காரணத்தைக் கேட்பவர் தாமே கண்டுபிடித்துக்கொள்கிறார். தாமே கண்டுபிடித்ததை யாரும் எளிதில் கைவிடுவதில்லை. இதே கண்ணோடு ஆட்சியில் இருப்பவர்களின் அறிக்கைகளைப் படியுங்கள்: 'கட்டணம் உயர்த்தப்பட்டுள்ளது' என்ற செயப்பாட்டுவினையில் உயர்த்தியவர் மறைவார், 'வழங்கினோம்' என்பதில் கொடுத்தவர் முன்னால் வருவார். எந்தக் கட்சியின் ஆட்சியானாலும் இந்தப் பழக்கம் மாறுவதில்லை என்பதை நான் எடுத்த எல்லாக் காலகட்டங்களிலும் கண்டேன்.

நான்காவது, பெயரிடுதல். 'அபேட்சகர்' வேட்பாளர் ஆனதும், 'மந்திரி' அமைச்சர் ஆனதும், 'ஸ்ரீ' போய்த் 'திரு' வந்ததும், மாநில இலச்சினையில் 'வாய்மையே வெல்லும்' என்று எழுதப்பட்டதும் கொள்கையை அன்றாடப் புழக்கத்துக்குள் கொண்டுவந்த வழிகள். 'இந்தியை எதிர்ப்போம்' என்றில்லாமல் 'இந்தித் திணிப்பை' என்று முழக்கம் அமைந்தது, எதிர்ப்பின் இலக்கை மொழியிலிருந்து அதிகாரத்தின் செயலுக்கு நகர்த்துகிறது. இங்கே ஒரு பொறி உண்டு: இன்றைய சொல்லை அன்றைய பேச்சில் ஏற்றிவிடாதீர்கள். 2021இல் தி.மு.க. அரசு 'ஒன்றிய அரசு' என்ற சொல்லைக் கையாளத் தொடங்கியபோது, இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்ற அரசமைப்பின் முதல் உறுப்பைச் சுட்டிச் சட்டமன்றத்தில் விளக்கம் அளிக்கப்பட்டது. அதே கட்சியின் பழைய முழக்கத்தில் 'மத்தியில்' என்றுதான் உள்ளது. இடையில் மாறியது என்ன என்று கேட்பதே நல்ல ஆய்வுக் கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கினால் அந்தக் கேள்வி காணாமற்போகும்.

7. எதிர்த்தரப்பையும் அதே அளவுகோலால் அளவிடுங்கள்

அடுக்குமொழி பேசியவர்கள் மட்டுமே மொழியால் அதிகாரம் கட்டினார்கள் என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கே விழும். காமராசரின் 'ஆகட்டும், பார்க்கலாம்' என்ற இரண்டு சொற்களும் அதிகார மொழிதான். பேச்சைக் குறைத்துச் செயலை முன்வைக்கும் தோற்றத்தை அவை உருவாக்கின. பெரியார் மேடையில் பேச்சுத்தமிழையே கையாண்டார். மாதிரியில் குறைந்தது ஒரு மாற்றுக் குரலைச் சேருங்கள்.

8. மேற்கோள் உரிமை

பொது இடத்தில் ஆற்றிய உரையின் முதல் பதிப்புரிமை, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பேசியவருக்கே உரியது. அவர் இறந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் அளவாக மேற்கோள் காட்டத் தடையில்லை. முழு உரையைப் பின்னிணைப்பாகச் சேர்த்து நூலாக வெளியிட எண்ணினால்தான் யோசிக்க வேண்டும். அண்ணாவின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. கலைஞரின் நூல்கள் 2024இல் நாட்டுடைமையாயின. 'குடிஅரசு' எழுத்துகளை வெளியிடுவதற்குத் தடை கேட்டு வந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2009இல் தடை விதிக்க மறுத்தது.

9. செலவும் காலமும்

வெளியூரிலிருந்து வருபவர் என்றால் சென்னையில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நாட்கள் தங்குமாறு திட்டமிடுங்கள். நான் ஒரே மூச்சில் ஒரு மாதம் தங்கினேன். பாதி நாட்கள் கோப்பு வருவதற்குக் காத்திருந்தே கழிந்தன. என் செலவில் தங்குமிடமும் பயணமும் முக்கால் பங்கு. படியெடுக்கும் கட்டணம் நூலகத்துக்கு நூலகம் வேறுபடும்; ஆய்வு மாணவருக்குச் சலுகை உண்டா என்று பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள், பிறகு கேட்டுப் பயனில்லை. சிதைந்த இதழ்களை ஜெராக்ஸ் எடுக்க விடமாட்டார்கள். கையால் எழுத நேரம் ஒதுக்குங்கள்.

காலத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: அனுமதிகளுக்கும் பாடம் திரட்டுவதற்கும் 8 வாரங்கள், வடிவங்களை ஒப்பிட 3 வாரங்கள், எழுத்துப்படிக்கு 4 வாரங்கள், வாசிப்புக்கும் எழுதுவதற்கும் 9 வாரங்கள். சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் வாரங்களில் கோட்டைப் பக்கம் போகத் திட்டமிடாதீர்கள்; தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் அரசு அலுவலகங்களில் உங்கள் விண்ணப்பம் அடியில் போய்விடும்.

ஒப்படைத்த பிறகும் மூலப் பக்கங்களின் படிகளைக் கட்டி ஒதுக்கிவிடாதீர்கள். என் வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஆய்வேட்டைத் திறப்பதற்கு முன்பே, 'இந்த இடத்தில் நாங்கள் என்றுதான் இருந்தது என்பதற்கு என்ன சான்று?' என்று கேட்டார். இதழின் அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ் என் பையில் இருந்தது.